பேஸ் கிற்றார்ப் பலகையும் சரிபுதீனின் போட்டும்

பாயிஸுக்கு அளவுக்கோப்பையைக் கண்டாலே எரிச்சல் வரும். அளந்து கலக்கிறவன் மருந்துக் கடையில் நிற்க வேண்டியவன், கரையில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்பார். சிலாவத்துறைக் கரையில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, பைபர் போட்டுகளுக்கு ஓட்டை அடைக்கிற தொழில் அவருக்கு. முப்பது வருஷமாகக் கையை விட்டு றெசின் நாற்றம் போனதில்லை. கல்யாண வீட்டில் அவரோடு ஒரே சஹன் தட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சோற்றில் கைவைப்பார்கள் என்று ஊரில் ஒரு பகிடி உண்டு. அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வராது, உள்ளுக்குள் பெருமைதான்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரோடு விரட்டப்பட்டுப் புத்தளத்துக்குப் போனபோது அவருக்குப் பதினொரு வயது. முகாமிலிருந்து பள்ளிக்கூடம் தூரம், போட் கட்டுகிற கொட்டில் கிட்ட. கிட்ட இருந்ததற்குப் போனார், அங்கேயே நின்றுவிட்டார். றெசின் தானாக இறுகாது, அதற்குள் ஹார்ட்னர் ஊற்றினால்தான் இறுகும். வெயில் ஏறினால் ஹார்ட்னரைக் குறை, மழைக்குளிர் என்றால் கூட்டு. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் எத்தனையோ பேர் சீவித்திருக்கிறார்கள். பாயிஸ் அதில் ஒரு படி மேலே. வெளியே வந்து முகத்தை ஒருதரம் காற்றுக்குக் காட்டுவார், பிறகு போத்தலைச் சரிப்பார், சரித்தது சரியாக இருக்கும். சண்டை முடிந்து ஊர் திரும்பிய பிறகு அவர் அடைத்த ஓட்டை எதுவும் திறந்துகொண்டது கிடையாது. அப்படித்தான் ஊரும் சொன்னது, அவரும் நம்பினார்.

சரிபுதீன் அவருடைய கூட்டாளி, நெருங்கிய சிநேகிதன். போன வருஷம் ஜூலையில் சரிபுதீனின் போட் கரையில் இழுபட்டு அடியில் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்துபோனது. அந்த நேரம் மீனவர் சங்கத்துக்கு ஏதோ ஒரு நிறுவனம் புதுவகை றெசின் ஒரு சோடி கொடுத்திருந்தது. பெரிய தகர ரின்னில் இரண்டு பங்கு, சின்ன ரின்னில் ஒரு பங்கு, இரண்டையும் கலந்து பூசினால் இரும்பு மாதிரி நிற்குமாம். நல்ல சாமான் நல்ல மனிதனுக்குப் போகட்டும் என்று பாயிஸ் அதைக் கூட்டாளியின் போட்டுக்கே வைத்தார். சும்மா ஒப்புக்கு அல்ல, வெயிலில் ஒரு நாள் முழுக்க இருந்து ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று படை போட்டு, மேலே நீலப் பெயின்றும் அடித்துக் கொடுத்தார்.

ஒட்டுப் போட்டுப் பதினெட்டாம் நாள் அந்தப் போட் திரும்பி வரவில்லை. கச்சான் காற்று இரைந்துகொண்டிருந்த காலம். சரிபுதீனின் மையித்து மூன்றாம் நாள் முள்ளிக்குளம் பக்கம் ஒதுங்கியது. போட் ஒதுங்கவில்லை, இன்றுவரைக்கும் அகப்படவில்லை. இஞ்சினைப் பிடித்திருந்த ரிஸ்கான் மட்டும் ஒரு எண்ணெய்க் கேனில் தொங்கிக்கொண்டு உயிரோடு வந்து சேர்ந்தான். ரிஸ்கான் வேறு யாருமில்லை, சரிபுதீனின் மனைவி ஸுஹறாவின் கூடப்பிறந்த தம்பி.

பள்ளிவாசல் நிர்வாகத்தார் இருந்து விசாரித்தார்கள். ரிஸ்கான் முதலில் சொன்னது ஒன்றே ஒன்று: அடியிலிருந்து தண்ணீர் ஏறியது, ஏன் ஏறியதென்று தெரியாது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. எல்லோரும் பாயிஸைப் பார்த்தார்கள். உங்கட ஒட்டு விட்டிருக்குமா என்று கேட்டார்கள். பாயிஸ் யோசிக்கவே இல்லை.

"போட் போனாலும் என்ட ஒட்டுப் போகாது," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒட்டு விடவில்லை என்றால் கல்லில்தான் அடித்திருக்க வேண்டும். கல்லில் அடித்ததென்றால் இஞ்சின் பிடித்தவன் கல்லுப் பாரைப் பார்க்காமல் ஓட்டியிருக்க வேண்டும். கடலடிப் பார் எங்கே கிடக்கிறதென்று இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மூன்றாவது தடவை ரிஸ்கான் கல்லாகவும் இருக்கலாம் என்றான். ஒரு மாதம் போக, கல்லுதான் என்று அவனே சொல்லித் திரிந்தான். ஸுஹறா தம்பியை வாசலில் ஏறவிடவில்லை. அவன் கொண்டுபோய் வைத்த மீனை அப்படியே வேலிக்கு வெளியே வைத்துவிட்டாள். அவன் கடலை விட்டான், ஊரையும் விட்டான், மன்னார் டவுனில் ஒரு சீமெந்துக் கடையில் மூட்டை தூக்கப் போனான். பாயிஸ் தன் கொட்டிலில் வழக்கம்போல வேலை பார்த்தார். ஆனால் ஸுஹறாவின் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒட்டு விட்டிருக்காது, விட்டிருக்காது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் தாண்டுவார். விட்டிருக்காது என்று நிச்சயமாக நம்புகிற மனிதன் அதை இத்தனை தரம் ஏன் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்க யாருமில்லை.

இந்த ஆகஸ்ட்டில் யதுசன் வந்தான். கட்டுக்கரைப் பக்கத்து வயற்காரர் நடராசாவின் மகன், முப்பது வயது ஆள். வெள்ளாமை இல்லாத மாதங்களில் கோயில் திருவிழாக்களுக்குப் போகிற இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறவன். சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்ததை அவிழ்த்தான். முதிரை மரத்தில் அவனே இழைத்துச் செய்த பேஸ் கிற்றார். இரண்டு வருஷ வேலையாம். கழுத்துப் பலகையில் குறுக்கே இருக்க வேண்டிய மெட்டுக் கம்பிகள் ஒன்றுகூட இல்லை. விரலை இழுத்தால் சுரம் தொண்டையில் வழுக்குகிற மாதிரி வழுக்க வேண்டும், அதற்காகத்தான் வைக்கவில்லை என்றான். கம்பி இல்லாததால் ஒரு தொந்தரவும் வந்தது. இரும்பு நரம்புகள் மரத்திலேயே நேராக உரசி ஒரு திருவிழாக் காலத்துக்குள் பலகையில் கோடு விழுத்திவிட்டன. அதற்குமேல் கண்ணாடி போல் கெட்டியாக ஒரு பூச்சு வேண்டும். கொழும்பிலிருந்து சாமான் எடுப்பித்திருந்தான், ஆனால் தானே பூசப் பயம். றெசின் என்றால் போட்காரர்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இதையும் கடலில் இறக்கப் போகிறாயா என்று பாயிஸ் கேட்டுச் சிரித்தார். ஆனால் பலகையைக் கையில் வாங்கியதும் சிரிப்பு நின்றது. வேலை அவ்வளவு சுத்தம். இரண்டு பக்கமும் இலேசாகச் சரிந்து, நடுவில் மட்டும் மெல்ல உயர்ந்து நின்றது. ஊற்றினால் வழிந்துவிடும், தூரிகையால் மெல்லிய படைகளாகத்தான் போட வேண்டும். ஓரங்களுக்குப் பசை ரேப் ஒட்டினார், தூசு விழாமல் மேலே ஒரு நுளம்பு வலை கட்டினார். பெரிய போத்தலில் இரண்டு, சின்னதில் ஒன்று என்று யதுசன் சொன்னான். தெரியும் என்றார் பாயிஸ். வெளியே போய் முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். வெயில் கொதித்தது. இந்தச் சூட்டுக்குப் படை சமமாகப் பரவ முதலே இறுகிவிடும், பிறகு மினுக்கம் எங்கே வரப்போகிறது? சின்னப் போத்தலில் இருந்து எடுத்ததில் ஒரு கால் பங்கைக் குறைத்துக் கலந்தார். பூசி முடித்து, கிளம்பிய குமிழிகளை லைற்றர் நெருப்பைக் காட்டி உடைத்தார். பலகை நீரில் நனைந்த மாதிரி மினுங்கியது. யதுசன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

இரண்டு நாள், இரண்டு படை. மூன்றாம் நாள் யதுசன் வந்து விரலால் தொட்டான். காய்ந்திருந்தது. நகத்தை வைத்து அமர்த்தினான், நகம் உள்ளே போய் அடையாளம் விழுந்தது. இன்னும் வெயில் வேண்டும் என்று பாயிஸ் பலகையை வெளியே வைத்தார். ஐந்தாம் நாளும் நகம் இறங்கியது. சாமான் சரியில்லை, உனக்கு யாரோ பழையதைத் தலையில் கட்டியிருக்கிறான் என்றார். யதுசன் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த தாளை எடுத்து விரித்தான். ஆங்கிலம். வாய்க்குள் வாசித்தான், திரும்பவும் முதலில் இருந்து வாசித்தான். பிறகு நீங்கள் எவ்வளவு கலந்தனீங்கள் என்று கேட்டான். பாயிஸ் சொன்னார்.

"அண்ணை, இது உங்கட போட் றெசின் மாதிரி இல்லையாம். சூடெண்டாலும் குளிரெண்டாலும் அளவை மாத்தக் கூடாதாம். ரெண்டும் ஒண்டையொண்டு பிடிச்சுத்தான் இறுகுமாம். ஒண்டு குறைஞ்சா மற்றது கடைசிவரைக்கும் பச்சையாத்தான் கிடக்கும் எண்டு போட்டிருக்கு. மேல காஞ்ச மாதிரி இருக்குமாம், உள்ள இறுகாதாம்."

பாயிஸ் கொட்டில் வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரிய போத்தலையும் சின்னப் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார். எழுத்துக்கள் வேறு, நிறம் வேறு. ஆனால் பெரிசில் இரண்டு, சின்னதில் ஒன்று. போன ஜூலையும் இதே வெயில்தான். சரிபுதீன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் வெளியே போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்து குறைத்தது ஞாபகம் வந்தது. எவ்வளவு என்றுகூட ஞாபகம் இருந்தது. மூன்று படைக்கும் குறைத்திருந்தார்.

யதுசன் ஆறுதல் சொன்னான். சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம், மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான். பாயிஸ் சுரண்டுகிற பிளேட்டை எடுத்துப் பலகையின் ஒரு முனையில் வைத்துத் தள்ளினார். பூச்சு ரப்பர் மாதிரிச் சுருண்டுகொண்டு எழும்பியது. ஒரு சாண் நீளத்துக்கு, கிழியாமல், ஒரே இழுவையில் உரிந்து வந்தது. பிடித்திருக்க வேண்டிய இடத்தில் மரம் ஈரமாக இருந்தது. அவர் அந்தச் சுருளை எறியாமல் எடுத்து வைத்தார். அவருடைய கண்ணுக்குள் தெரிந்தது பலகை அல்ல.

இருந்தாலும் மனிதன் லேசில் ஒத்துக்கொள்வானா? சாமானே பழுதாக இருக்கலாமே என்று ஒரு நினைப்பு அவருக்குள் கிடந்து உழன்றது. சரியாக அளந்து பூசியும் இறுகாமல் போனால், கூடாதது சாமான்தான், கை அல்ல. அந்தத் தாளில் எழுதியிருப்பதும் வெறும் எழுத்துத்தான். யதுசன் அடுத்த நாள் ஊசி போடுகிற சிரிஞ்சுகள் இரண்டு வாங்கி வந்தான். பலகையை முழுக்கச் சுரண்டிவிட்டு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பாயிஸ் றெசினைக் கோட்டுக்குக் கோடு அளந்து எடுத்தார். வெளியே போய் முகத்தைக் காட்டவில்லை.

பிறகு வந்த மூன்று நாளும் அவர் பட்டபாடு சொல்லி முடியாது. ஒரு வேலைக்காரன் தன் வேலை கெட்டுப்போக வேண்டும் என்று ஏங்கியதை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? லுஹர் தொழுதுவிட்டுக் கையை ஏந்தினார். இறுகக் கூடாது யா அல்லாஹ் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவும் வெட்கமாக இருந்தது, கேட்காமல் விடவும் முடியவில்லை. வீட்டில் மனைவி மரியம் ஏன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறீங்க என்று கேட்டதற்குப் பல்வலி என்றார். கொட்டிலுக்குப் போவதும், வலையைத் தூக்கிப் பார்ப்பதும், தொடாமல் திரும்புவதுமாகப் பொழுது போனது.

மூன்றாம் நாள் மத்தியானம் தொட்டார். நகத்தை வைத்தார், நகம் வளைந்தது, அடையாளம் விழவில்லை. சின்ன உளியின் நுனியை வைத்துப் பார்த்தார், உளி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு மரக்குற்றியால் தட்டினார், பீங்கான் கோப்பையில் தட்டின மாதிரிச் சத்தம் வந்தது. கல்லு. இரும்பு. இந்தக் கரையில் அவர் இத்தனை காலமும் போட்ட எந்த ஒட்டும் இவ்வளவு பலமாக இறுகியதில்லை. சரிபுதீனின் போட்டில் அது இப்படி நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் போட்டின் மற்ற இடமெல்லாம் உடைந்தாலும் அந்த ஒரு முழம் உடைந்திருக்காது.

அவர் வேலையை முடித்தார். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், அந்த நிலையிலும் மனிதன் வேலையை அரைகுறையாக விடவில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்து மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, பிறகு வாகனப் பெயின்றுக்குப் பூசுகிற மெருகு போட்டுத் துடைத்தார். பலகையில் கொட்டிலின் தகரக் கூரை அப்படியே தெரிந்தது. குனிந்தபோது தன் முகமும் தெரிந்தது, உடனே துணியைப் போட்டு மூடினார். யதுசன் வந்து நரம்பு பூட்டி, கொண்டுவந்த சின்ன ஸ்பீக்கரில் செருகி ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்தான். அது அடிவயிற்றில் இருந்து கிளம்பி மெல்ல மெல்ல இறங்கியது, எங்கும் தட்டாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. பாயிஸ் அழுதார். பாட்டில் உருகிவிட்டார் என்று நினைத்து யதுசன் இன்னும் கொஞ்சம் வாசித்துக் காட்டினான். நல்ல பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும். கொண்டு போ தம்பி, கவனமாகக் கொண்டு போ என்று அனுப்பி வைத்தார்.

அடுத்த நாள் கொட்டிலைத் திறக்காமல் மன்னார் பஸ்ஸில் ஏறினார். பையில் அந்த உரிந்த சுருள் இருந்தது. வழி நெடுக இறங்கிவிடலாமா என்ற எண்ணம் வந்துகொண்டுதான் இருந்தது. சொன்னால் இனி ஒருவனும் அவருடைய கொட்டிலுக்குப் போட் இழுத்து வரமாட்டான், நாற்பத்தாறு வயதில் வேறு தொழிலும் தெரியாது. சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, போட் கடலுக்கு அடியில் கிடக்கிறது. அதுதான் அவரைப் பயப்படுத்தியது. சொல்லாவிட்டால் உண்மையிலேயே ஒன்றும் நடக்காது.

சீமெந்துக் கடையின் பின்பக்கம் ரிஸ்கான் முகமெல்லாம் தூள் படிந்து நின்றான். வாங்கோ நானா என்று மூட்டையைத் தட்டி இருக்கச் சொன்னான். பாயிஸ் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கிற்றார்ப் பலகையில் தொடங்கி ஜூலை வெயில்வரைக்கும். சுருளை எடுத்து அவன் கையில் வைத்தார். ரிஸ்கான் அதை அமர்த்திப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான்.

"இல்ல நானா, கல்லுதான்," என்றான்.

பாயிஸுக்கு விளங்கவில்லை. நீதானே முதலில் சத்தமே கேட்கவில்லை என்றாய் என்று கேட்டார். ரிஸ்கான் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரிந்திருந்த மூட்டையொன்றை நிமிர்த்தி வைத்தான். சொல்லப் போனால் அவன் முகத்தில் நிம்மதியைத்தான் பாயிஸ் எதிர்பார்த்து வந்திருந்தார். கோபத்தையாவது எதிர்பார்த்திருந்தார். அடிப்பான் என்றுகூட நினைத்திருந்தார். கடைசியில் ரிஸ்கான் அக்காவை நினைத்து, ராத்தாவிடம் சொல்லுவீங்களா என்று மட்டும் கேட்டான். அதற்குத்தான் வந்தேன், நீயும் வா என்றார். முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு சீற்றில் இருந்தார்கள்.

ஸுஹறா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே தம்பியைக் கண்டதும் உள்ளே போகத் திரும்பினாள். பாயிஸ் கூப்பிட்டார், ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டுப் போ என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சொல்லச் சொல்ல முகம் மாறவில்லை. அவர் சொல்லி முடித்த பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"மிச்சம் பிடிக்கவா குறைச்சீங்க?"

"இல்ல ஸுஹறா. நல்லா வரட்டும் எண்டுதான்."

அவள் கையிலிருந்த ஈரச் சட்டை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. பாயிஸைத் திட்டவும் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்வீர்களா என்று கேட்டாள், சொல்வேன் என்றார். அதற்குப் பிறகு அவர் அங்கே நிற்பதையே அவள் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. வேலியடிக்குப் போய்ப் படலையைத் திறந்து பிடித்தாள். ஒரு வருஷமாகத் தம்பிக்குத் திறக்காத படலை.

"உள்ள வா ரிஸ்கான்," என்றாள். "நீ ஒண்டும் செய்யல்லடா. கல்லும் இல்ல, ஒண்டும் இல்ல. உள்ள வா."

ரிஸ்கான் வரவில்லை. படலைக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்கா கையைப் பிடித்தபோதும் கால் எடுத்து வைக்கவில்லை.

"எனக்கு அந்தச் சத்தம் கேட்குது ராத்தா," என்றான். "இப்பவும் கேட்குது. கல்லில அடிச்ச சத்தம்."

ஸுஹறா பாயிஸைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது என்று அவனுக்குச் சொல்லுங்கள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பாயிஸ் சொன்னார், ஒரு தரம் அல்ல, பல தரம் சொன்னார். ரிஸ்கான் எல்லாவற்றுக்கும் ஓம் நானா, ஓம் நானா என்று மரியாதையாகத் தலையை ஆட்டினான், ஆனால் படலையைத் தாண்டவில்லை. பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொன்ன பிறகும் மூன்று பேரும் அந்த இடத்திலேயே நின்றார்கள்.